ஆமத்தூரிலிருந்து வராத போன்

எம். புதுப்பட்டி
12.8.2007

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வீட்டுக்காரி ரீனாவும் நானும் சுகம். நாற்பது வயதில் என்ன விளையாட்டு என்று திட்டாதீங்க. கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டப் பழகுகிறேன். அதில் ரேடார் எச்சரிக்கைக் கருவி என்று ஒரு வட்டம். நடுவில் என் விமானம். எதிரி எந்தப் பக்கமிருந்து பார்க்கிறானோ அந்தப் பக்கம் ஒரு குறி விழும், சத்தமும் வரும். நேற்று குறியும் இல்லை, சத்தமும் இல்லை. பின்னாலிருந்து ஏவுகணை வந்து அடித்துவிட்டது. கருவி கெட்டுப்போச்சா? பிசிக்ஸ் டீச்சர்தான் சொல்லணும்.

தம்பி நேசகுமார்

பாளையங்கோட்டை
18.8.2007

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று மாதம் கழித்து எழுதுகிறாய், அதுவும் விமானம் விழுந்ததற்காக. இருக்கட்டும்.

கருவி கெடவில்லை. அது எதிரியைப் பார்ப்பதில்லை. அவன் உன் மேல் அனுப்பும் ரேடார் அலையைக் கேட்கிறது, அவ்வளவுதான். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணை எந்த அலையும் அனுப்பாது. உன் என்ஜின் சூட்டைப் பிடித்துக்கொண்டு வரும். வட்டம் காலியாக இருந்தால் ரேடாரில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

பாண்டிச்செல்வி எப்படி இருக்கிறாள்? விருதுநகரில் என்னிடம் படித்தவள். ஆபீஸ் வேலை என்று நீ சொன்னதால்தான் உன் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பினேன்.

அக்கா ஞானபூரணி

எம். புதுப்பட்டி
2.9.2007

அன்புள்ள அக்காவுக்கு,

விளக்கம் பிரமாதம். அதே கருவியை இங்கன நானே செய்துவிட்டேன்! ஆமத்தூர் டீக்கடை பலவேசம்தான் நம்ம கருவி. சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து சோதனைக்கு அதிகாரி ஜீப் அந்த வழியாக வந்தால் உடனே எனக்குப் போன். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்குது. நாலு பேர் இருக்கவேண்டிய ரூமில் பதினொரு பேர். வியாழக்கிழமை போன் வந்ததும் ஏழு பேரைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டி, மிச்ச மருந்தைச் சாக்குப் போட்டு மூடிவிட்டோம். "ஏலே, ஓடுங்கலே, ஜீப்பு!" என்று வாட்ச்மேன் முனியசாமி போட்ட சத்தத்தில் பாண்டிச்செல்வி மருந்துத் தட்டோடு விழுந்தாள். "வேலைக்குக் கூப்பிட்டீகளா, ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிட்டீகளாண்ணே?" என்று கேட்டாளே பார்க்கணும். சிரித்துச் சிரித்து வயிறு வலி. ஆபீஸில் ஆள் கூடுதல், அதான் அவளை மருந்து ரூமில் போட்டேன். சீசன் முடிந்ததும் மாற்றிவிடுவேன்.

தம்பி நேசகுமார்

பாளையங்கோட்டை
7.9.2007

நேசகுமாருக்கு,

மருந்துத் தட்டோடு ஒரு பெண் விழுந்ததைச் சிரிப்பு என்று எழுத உனக்குக் கை வந்ததா? உரசினாலே பற்றும் மருந்து. பதினைந்து வருஷம் போர்மேன் வேலை பார்க்கிறவனுக்கு நான் சொல்லவேண்டுமா?

நான் எழுதியதில் உனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாய். பலவேசம் ஜீப்பைப் பார்ப்பார். சாக்குக்கு அடியில் மருந்து சூடேறுவதை எந்த டீக்கடையிலிருந்து பார்ப்பார்? அதிகாரியா உங்கள் எதிரி? அந்தப் பதினொரு பேரை நோக்கி வருவது எதுவோ, அது வரும்போது ஆமத்தூரிலிருந்து போன் வராது. உன் விமானம் விழுந்தால் முதலிலிருந்து ஓட்டுவாய். அவர்கள்?

உன் கடிதத்தின் நகலை அதிகாரிக்கு நேற்றே கூரியரில் அனுப்பிவிட்டேன். ஜீப்பில் வரவேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வேறு வண்டியில் வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். உனக்கு இது சாதாரணத் தபால். கைக்குக் கிடைக்கும்போது அவர்கள் வந்து போயிருப்பார்கள்.

பாண்டிச்செல்வியை இங்கே அனுப்பிவிடு.

ஞானபூரணி

எம். புதுப்பட்டி
13.9.2007

திருமதி ஞானபூரணி அவர்களுக்கு,

வந்தார்கள். போன் வரவில்லை. இப்போது ரூமுக்கு நாலு பேர். முதலாளி என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

பாண்டிச்செல்வி நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு வருகிறாள். முழங்கை சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை, மருந்து போடுங்கள்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

இ. நேசகுமார்