கட்டம் காலியாக இருக்கிறது

ஜெசிந்தா,

நெல்லிவாசல் பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டதாம். ஜீப் வந்துவிட்டது, கிளம்புகிறேன். களி சட்டியில் இருக்கிறது, கீரைக் குழம்பை மட்டும் சுட வைத்துக்கொள். வெளியே போனால் சாவியை மதலேனாள் அத்தையிடம் கொடு.

நேற்று நீ சிவில் படிக்கிறேன் என்றதும் கத்திவிட்டேன். "இன்னாத்துக்கு வெயில்ல நின்னு ரோடு அளக்கணும்? எலெக்ட்ரிகல் எடுத்தா ஃபேன் கீழ உக்காரலாம்" என்றேன். "நீங்க கம்பம் ஏறச்சொல்ல வெயில் இல்லியாப்பா?" என்றாய்.

இஞ்சினியரிங் விண்ணப்பம் பைபிளுக்குள் இருக்கிறது. இருபது வருஷ லைன்மேன் வேலையில், கரண்டை நிறுத்தியாச்சு என்று எழுதி வாங்காமல் நான் ஒரு கம்பத்திலும் கால் வைத்ததில்லை. இன்றைக்குப் பாடப்பிரிவுக் கட்டம் காலியாக இருக்கும்போதே கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயே நிரப்பிக்கொள்.

அப்பா
சந்தியாகப்பன்

பி.கு. நான் திரும்புவதற்குள் தபாலில் சேர்த்துவிடு. கண்ணில் பட்டால் மறுபடி ஏதாவது சொல்லித் தொலைப்பேன்.

இன்னொன்று. வெயிலுக்குப் போடும் என் தொப்பியை இன்று எடுத்துப் போகவில்லை, ஆணியில் தொங்குகிறது. உன் தலைக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்.