கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொன்னேன்

அக்கா, இன்று காலை கிளினிக் வராந்தாவில் தலைவலித் தைல வாசனை அடித்ததும் உங்களைத்தான் தேடினேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது, ஆனாலும் தேடினேன். உட்கார்ந்திருந்தது வேறு ஓர் அம்மா. அவர் மகன் தாதியான என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “மிஸ்ஸி, அம்மாகிட்ட ரொம்பச் சொல்லாதீங்கலா, பயந்துருவாங்க” என்றான்.

உங்கள் மகன் சொன்னதும் இதே பேச்சுதானே! பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்தை விற்றதும் இரண்டு குடும்பமும் குனோங் ராபாட்டுக்கு வந்தோம். கிட்னி கிளினிக்கில் தமிழ் பேசும் தாதி நான் ஒருத்திதான். உங்கள் கிட்னி இரண்டும் கெட்டுப்போனதும் டாக்டர் மலாயில் இரண்டு வழி சொன்னார்; அதை உங்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது ஒன்று. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே நாளுக்கு நாலு தடவை நீங்களே பையிலிருந்து மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு மாற்றிக்கொள்வது இன்னொன்று. எதுவானாலும் ஆயுசுக்கும். உங்கள் மகன் மிஷின்தான் என்று முடிவு செய்துவிட்டு, “கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்லிருங்க” என்றான்.

என் வாய்க்கு என்ன கேடு வந்ததோ, அப்படியே சொன்னேன். “கொஞ்ச நாளைக்கு ரத்தத்தக் கழுவுவாங்கக்கா, அப்புறம் தேறிடும்.” இன்னொரு வழி இருப்பதையே சொல்லவில்லை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். அங்கேயே சிலிம் ரிவரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, “பேறுகாலத்துக்கு நான் வந்துருவேன்லா, சம்பளத்துக்கு வேற ஆளப் பாக்காத” என்றீர்கள். தலைப்பிரசவம். அதைக் கேட்டும் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் சென்டரில், பக்கத்து நாற்காலிக்காரரிடம், “ஒங்களுக்கு எப்ப முடியுதுண்ணே?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சிரித்துவிட்டார். “எங்க முடியுது? ஒம்பது வருசமா வாரேன்!”

மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். லயத்துக் காலத்திலிருந்து தங்கச்சி என்றே கூப்பிட்டவர், அன்றைக்கு மற்ற நோயாளிகளைப்போல, “மிஸ்ஸி” என்றீர்கள். “இது சாவுற வரைக்குமா? ஆமாவா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

“ஆமாக்கா.”

“வேற வழியே இல்லியா?”

அப்போதுதான் வயிற்றுக் குழாயைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்ப் பை அடுக்கிய பெட்டிகளை எங்கே போனாலும் கொண்டுபோகலாமா என்று கேட்டீர்கள். போகலாம் என்றேன்.

“அப்ப பொட்டிய வண்டில ஏத்திக்கிட்டு மவகிட்டப் போயிருப்பேனே! என் ஒடம்பு, என்னய ஒரு வார்த்த கேக்கலியே! எம் மவன் பயந்தான், சரி. நீ எதுக்குப் பயந்த?”

கிளினிக் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வயிற்று வழியைத்தான் எடுத்தீர்கள். குழாய் வைத்து, புண் ஆறி, பை மாற்றப் பழகி முடிப்பதற்குள் மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பிறகுதான் பெட்டிகளோடு போனீர்கள். திரும்பி வந்து, “பேரப்புள்ளயத் தூக்கிட்டேன் மிஸ்ஸி. ஆனா புள்ளைக்கு மொதத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுனது சம்பளத்துக்கு வந்தவ கைதான்” என்றீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் தேவலை. கடைசி வரைக்கும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவே இல்லை.

இன்று அந்த மகனிடம், “நீங்களும் வந்து ஒக்காருங்க தம்பி. ஆனா பேச்சு அம்மாகிட்டதான்” என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. புகார் கொடுப்பேன் என்றான். கொடுத்துக்கொள்ளட்டும். நாற்காலியை இழுத்து அந்த அம்மாவின் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். மிஷின், குழாய் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், இப்போதெல்லாம் யாரிடமும் முதலில் கேட்பதைக் கேட்டேன்.

“இந்த வருசம் ஒங்களுக்கு என்னென்ன வேல கெடக்கும்மா? எங்க போவணும், யாரப் பாக்கணும்?”

உங்களிடம் இதைக் கேட்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது அக்கா.