டிரம்முக்குள் ஒன்றும் உடையவில்லை

ஜனவரி 6

கார் நகரவில்லை.

அக்டோபரில் அப்பா கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தியது. மழைக்காலம் முழுக்க அப்படியே நின்றது. வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. இன்று பிரேக்கை விடுவித்து எடுத்துப் பார்த்தார். எஞ்சின் உறுமியது. பின்சக்கரங்கள் சுற்றவேயில்லை.

எனக்கு நிம்மதி. அதற்காக உடனே வெட்கம்.

ஜனவரி 7

மெக்கானிக் வீரமணி வந்தார். "மழையில ஹேண்ட்பிரேக் போட்டு உட்டா, சக்கரத்துக்குள்ள பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டித் துருப்பிடிச்சிக்கும். கியர்ல போட்டு, கல்லு வெச்சிருக்கணும். சின்ன வேலதாம்மா."

தெருமுனை வரை அவரோடு நடந்தேன். சர்க்கரை அப்பாவின் கண்ணைத் தின்றுவிட்டது, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அப்பாவிடமும் சொல்லியாயிற்று. கேட்கவில்லை. இந்தக் காரிலேயே வெள்ளிமலைக்கு ஏறிப் புளி வாங்கி வந்து விற்றே எங்களை வளர்த்தவர். அந்த மலை வளைவுகள் —

"உள்ள உடைஞ்சிருக்கு, பார்ட்ஸ் கெடைக்கலன்னு சொல்லிடுங்கண்ணா."

"பழைய வண்டி. நம்புவாரு. ஆனா எத்தினி நாளைக்கு?"

ஜனவரி 15

"பார்ட்ஸ் இன்னாச்சு?"

"சேலத்துல சொல்லி வெச்சிருக்காராம்பா."

எவ்வளவு சரளமாக வருகிறது எனக்கு.

ஜனவரி 19

காரைத் துடைக்கிறார். ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப. காக்கை எச்சம் அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

ஜனவரி 28

நான் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தபோது வாசலில் மண்ணெண்ணெய் வாடை. ஜாக்கியில் ஏறி நிற்கும் கார். சாக்கின் மேல் டிரம். அப்பாவின் கைகள் முழங்கை வரை கருப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பாகமாக விரலால் தடவுகிறார்.

"வா மதி. உடைஞ்சது எது? எடுத்துக் குடு."

தோள்பையை இறக்கி வைத்தேன்.

"ஷூ இருக்குது. ஸ்பிரிங் இருக்குது. எதும்மா உடைஞ்சிது?"

"உனக்குக் கண்ணு தெரியலப்பா."

"அப்ப இத உன் மாமனாரா வந்து கழட்டுனாரு?"

ஜனவரி 29

ஓட்டினார். சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

தெருமுனையில் எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு அக்காவின் மகள். சிவப்புப் பாவாடை. பட்டப்பகல். அப்பா நேராக அவள்மேலேயே போனார். அக்கா அலறினாள். அந்தச் சத்தத்துக்குத்தான் மிதித்தார். ஒரு முழம் விட்டு நின்றது.

பிரேக் நன்றாகப் பிடித்தது. அவர் சரிசெய்தது.

"குருட்டுக் கண்ண வெச்சிக்கினு வண்டி கேக்குதா உனுக்கு?" — அக்கா.

அவர் இறங்கினார். பானெட்டைப் பிடித்தபடியே முன்பக்கம் வந்தார். பிள்ளையின் தலையைக் காற்றில் தேடித் தேடி, கடைசியில் தொட்டார்.

பிப்ரவரி 3

கார் விற்றுப் போய்விட்டது. சின்னசேலத்து ஆள் ஒருவன் ஓட்டிப்போனான். அப்பா என்னோடு பேசுவதில்லை. பொய் சொன்னதற்கா? பொய் சொன்ன காரணம் சரியாகப் போனதற்கா?

பிப்ரவரி 20

இன்றும் பேச்சில்லை.

மார்ச் 11

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அப்பா. கையில் காலிச் சாக்கு. ஒவ்வொரு பஸ்ஸின் முன்னும் முகத்தை உயர்த்தி உயர்த்திப் பார்த்துக்கொண்டு வந்தார். என் எதிரே நின்றார்.

"ஏம்மா, வெள்ளிமலைக்கு இதாம்மா பஸ்ஸு?"

என்னிடம்தான். எட்டித் தொடும் தூரம். புடவையின் பச்சை மட்டும் தெரிந்திருக்கும்.

பஸ்ஸின் பலகையில் வெள்ளிமலைதான். குரலை மாற்றிக்கொண்டேன்.

"ஆமாங்க."

"நல்லா இரும்மா" என்றார். படியைக் காலால் தேடி ஏறினார்.