சத்தம் குறைந்த ஹெலி

அக்கா,

இன்று காலை அடுப்படிப் பிரிட்ஜின் மேல் இருந்த விளையாட்டு ஹெலியில் சிவப்பு லைற் அணைந்தது. சார்ஜ் ஏறி முடிந்ததற்கு அதுதான் அடையாளம். நீங்கள் இருந்திருந்தால் அடுப்படியில் நின்றபடியே, "தம்பி, உன்ட ஹெலி திண்டு முடிஞ்சுது, வந்து எடு" என்று கூப்பிட்டிருப்பீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு இன்றுதான் அதைச் சார்ஜில் போட்டேன். லைற் அணைந்தும் கொஞ்ச நேரம் அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பைத்தியக்காரன்தான், என்ன செய்ய.

ஹெலிகொப்டர் ஆசை எனக்கு எப்போது வந்தது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? சண்டைக் காலத்தில் வாவிக்கு மேலால் ஆமி ஹெலி சுட வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். நான் மட்டும் முற்றத்தில் அண்ணாந்துகொண்டு நிற்பேன். நீங்கள் வந்து என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கட்டிலுக்குக் கீழே தள்ளி, நீங்களும் புகுந்து, என் தலையை உங்கள் மடிக்குள் அமுக்கிப் பிடிப்பீர்கள். மூச்சு முட்டும். சத்தம் தலைக்கு மேலே வரும், நிற்கும், போகும். ஒருநாளாவது அதை முழுசாகப் பார்க்க நீங்கள் விட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு நரை விழும்வரை இருந்தது.

அத்தான் காலமான பிறகு களுவாஞ்சிக்குடி வீட்டில் நாம் இரண்டு பேர்தான். கந்தோர் வேலை விட்டு வந்து நான் போனில் ஹெலி வீடியோ பார்ப்பதைக் கண்டும் காணாதவர்போல இருந்தீர்கள். போனின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். உங்களுக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று தெரியும். அது எவ்வளவு தூரம் ஆகாது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

குக்கருக்கு வாசர் வாங்க வேண்டும் என்று டவுனுக்கு வெளிக்கிட்டோமே, அன்று நான் செய்தது கள்ளவேலைதான். வாசர் வாங்கியதும், "சும்மா பாத்திட்டுப் போவம்" என்று அந்த விளையாட்டுச் சாமான் கடைக்குள் உங்களைக் கூட்டிப்போனேன். என் கண் பெரியதில்தான் போய் விழுந்தது. ஒரு முழ நீளம், இரும்புச் சட்டம், மேலே ஒற்றை விசிறி. அசல் ஹெலியேதான். கடைக்காரர் காத்தான்குடிக்காரர், நல்ல மனிதர். "ஓடவிட்டுக் காட்டவா?" என்று கேட்டுக்கொண்டே ரிமோட்டைத் தட்டினார். விசிறி கடையே அதிர இரைந்தது.

திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணவில்லை. பொம்மைக் கார்ப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தீர்கள். ஒரு கை தலையில். மற்றக் கை என் சேட்டின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நரைத்த தம்பியை இன்னும் கட்டிலுக்குக் கீழே தள்ளப் பார்த்தீர்கள், அக்கா.

கடைக்காரருக்கு விளங்கிவிட்டது. ஹெலியை நிறுத்தினார், கதிரை கொண்டுவந்து போட்டார், சோடா உடைத்துத் தந்தார். "எங்கட உம்மாவும் இப்படித்தான் அக்கா. கலியாண வீட்டு வெடிக்கும் உள்ளுக்குப் போயிருவா" என்றார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. "வேணாம் அக்கா, வாங்க போவம்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த ஆசையே செத்துப்போயிற்று.

நீங்கள் சோடாவை மெதுவாகக் குடித்து முடித்தீர்கள். சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தீர்கள். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "சத்தம் குறைஞ்சது எது தம்பி?" என்று கேட்டீர்கள்.

அவர் எடுத்து வந்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறி. மேலது ஒரு பக்கம் சுற்றினால் கீழது மறுபக்கம். அதனால் தன்பாட்டில் நேராக நிற்கும் என்றார். முதன்முதல் விடுகிறவனுக்கு இதுதான் சரியாம். பெரியது கண் இமைத்தால் விழுந்துவிடும், விழுந்தால் மாற்றுச் சாமானுக்குக் கொழும்புக்குத்தான் ஓடவேண்டும். இதற்கு மாற்று விசிறி கடையிலேயே இருந்தது. "காத்துக்குள்ள மட்டும் விடாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார். மாதக்கணக்காக வீடியோ பார்த்த எனக்கு வராத புத்தி, உங்கள் பயத்துக்கு ஒரே கேள்வியில் வந்தது.

அவர் சொன்னதை நான் கேட்டேனா? அடுத்த நாளே கச்சான் காற்று வீசும் பின்னேரத்தில் முற்றத்தில் விட்டேன். அது வேலி தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கூரைக்குக் கிட்டப் பறக்க, அந்த வீட்டுத் தங்கச்சி காயப்போட்ட மிளகாயைக் கொட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினா. அவவும் நம் காலத்துப் பிள்ளைதானே. அன்றைக்கு நீங்கள் என்னை ஏசிய ஏச்சை நாய்கூடச் சோற்றில் போட்டுத் தின்னாது. ஏசி முடித்துவிட்டுச் சட்டம் போட்டீர்கள்.

"விடுறதுக்கு முன்னம் சத்தமாச் சொல்லிப்போட்டு விடு. அந்தக் காலத்தில ஆரும் சொல்லிப்போட்டு வரல்ல."

அன்றிலிருந்து நான் முற்றத்தில் நின்று, "ஹெலி விடப்போறன்! விளையாட்டு ஹெலி!" என்று கத்துவேன். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் அடுப்படிக் கதவைப் பூட்டிக்கொண்டு, "ஓம், விடு" என்று சம்மதிப்பீர்கள். பிறகு கதவு பாதி திறந்தது. பிறகு படியில் வந்து இருந்தீர்கள், ஒரு கை கதவு நிலையைப் பிடித்தபடி. நான் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எழும்பிப் போய்விடுவீர்கள் என்று பயம்.

ஒரு மழைநாள் வீட்டு ஹோலுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். "இஞ்ச கொண்டா" என்று ரிமோட்டை வாங்கினீர்கள். பெருவிரலால் மெல்லத் தள்ளினீர்கள். ஹெலி பாயிலிருந்து எழும்பி, உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நீங்கள் கண்ணை மூடவில்லை. அதை அப்படியே பார்த்துக்கொண்டு, "இறங்கு" என்றீர்கள், பிள்ளையை அதட்டுவதுபோல. விரலைத் தளர்த்தினீர்கள், அது பாயில் போய் இருந்தது.

"பாத்தியா தம்பி, நான் சொன்னா இறங்குது!"

நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு எனக்கு ரிமோட் கிடைப்பதே பெரும்பாடாகிப் போனது. ஒரு தரம் நேரே கொண்டுபோய்ச் சொதிச் சட்டிக்குள் இறக்கிவிட்டு, "அது பசியில போகுது, நான் என்ன செய்ய" என்றீர்கள்.

அந்த மழைநாள் இரவு, சாப்பிடும்போது, என் பழைய கோபத்தைச் சொல்லிக் கேட்டேன். அப்போது ஒருநாளாவது என்னைப் பார்க்க விட்டிருக்கலாமே என்று. நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் பாக்க ஆசைதான் தம்பி. உன்ட தலையப் பிடிச்சிருந்த கைய எடுக்க ஏலாமப் போச்சு" என்றீர்கள். நன்றி என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கைக்கும், அந்தக் கடையில் கேட்ட கேள்விக்கும்.

இன்று காற்று எழும்ப முன்னமே முற்றத்துக்கு வந்தேன். வாய் தன்பாட்டில், "அக்கா, ஹெலி விடப்போறன்!" என்று கத்திவிட்டது. அடுப்படிக் கதவு சாத்தியே கிடந்தது. விரல் ரிமோட்டில் இருந்தது, அழுத்த மனம் வரவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு, நீங்கள் ஓம் சொல்லாமல் நான் ஒருநாளும் விட்டதில்லையே.

அப்போது வேலிக்கு அங்கால் இருந்து அந்த மிளகாய்த் தங்கச்சியின் குரல் வந்தது.

"ஓம் அண்ணன், விடுங்க. நாங்க வெளிய நிண்டுதான் பாக்கிறம்."

விட்டேன், அக்கா.