கரைவலைப் பாட்டில் ஆய்வுகூடத்து மிதப்புகள்

கிண்ணியா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நப்லாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், உங்கள் சுகத்தைத்தான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தெற்கில் மழை விடவில்லை என்று டிவியில் சொன்னார்கள், ஈரத்தலையோடு படிக்க உட்காராதீர்கள். வாப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, பூனை குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் குட்டி போட்டிருக்கிறது. இனிச் சொல்லப்போவதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதி, இன்று பஸ்ஸில் உங்கள் கம்பஸுக்குத் திரும்பும் இக்ராமிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கம்பஸின் சூழலியல் ஆய்வுகூடத்தில் இந்தமுறை இரண்டு மாணவர்களைச் சேர்க்கிறார்கள், நம்முடைய குடாவின் கடற்புல்லை ஆராயத் தமிழ் தெரிந்த பிள்ளை வேண்டுமாம், புதன்கிழமை நேர்முகம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். முந்தாநாள் அதே ஆய்வுகூடத்து ஆட்கள் இங்கே வந்து கடலில் செம்மஞ்சள் மிதப்புகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜும்ஆ நேரம், கரையில் கேட்பதற்கு ஒரு ஆம்பிளை இல்லை. போட்ட இடமோ நாம் ஆளுக்கொரு நாள் முறைவைத்துக் கரைவலை இழுக்கிற பாடு. ஒருவருடைய முறையில் இன்னொருவர் மிதப்புப் போட்டால் அது பாட்டைப் பிடிக்கிற வேலை என்றுதானே நம்முடைய ஆட்கள் எடுப்பார்கள். நேற்று முனீப் மாமாவின் முறை. பக்கத்து ஊர்க்காரர் பாட்டைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, அவருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, தோணியில் போய் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வந்து நம்முடைய வீட்டு வளவில் போட்டார். மிதப்புகளுக்குக் கீழே சின்னச் சின்னக் கருவிகள் கட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இது பக்கத்து ஊர்க்காரர் போட்டதில்லை என்று எனக்கு விளங்கியது.

பின்னேரம் அந்த ஆய்வுகூடத்து மேடமும் இரண்டு மாணவர்களும் கரைக்கு வந்து விசாரித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, வாப்பாவும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிடைக்காவிட்டால் பொலிஸில் முறைப்பாடு கொடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாத்தையும் ஆழக்கடல்ல தாழ்க்கப்போறன் என்று மாமா நின்றார். ஏலாது என்று நான் அவற்றைச் சாக்கில் அள்ளி அறைக்குள் வைத்துப் பூட்டினேன். நீ எனக்குக் கூடப்பிறந்தவளா என்றுகூடக் கேட்டார். நப்லா சேரக் கேட்டிருப்பது இவர்களுடைய ஆய்வுகூடத்தில்தான் என்று அப்போதுதான் சொன்னேன். கதிரையில் இருந்தவர் எழும்பிப் போனார், சோறும் தின்னவில்லை.

மகள், சொன்னால் என் தம்பியைப் பொலிஸ் கொண்டுபோகும், சொல்லாவிட்டால் நீங்கள் பொய்யோடு உள்ளே போகவேண்டும், நாளைக்கு அவர்களுடைய படகில் இந்தக் கரைக்கு வந்து மாமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள். உண்மையைச் சொல்லி அந்த இடம் கிடைக்காமல் போனாலும் என் மனம் ஆறாது. இன்று காலையில் மாமா வந்து சாக்கைக் கேட்டபோது, கடலில் போடத்தான் கேட்கிறார் என்று நான் திறப்பைக் கொடுக்கவில்லை. வாசலில் நின்றபடியே, புள்ள பொய் சொல்லி உள்ளுக்குப் போக வேணாம், சாக்கை அவட்ட அனுப்பு, அறுத்தது என்ட மாமாதான் எண்டு சொல்லட்டும், பொலிஸ் வந்தா நான் பார்த்துக்கொள்றன் என்றார். பிறகு தான் பெருநாளுக்கு உடுக்கிற சாரனைக் கொண்டுவந்து கருவிகள் உடையாமல் அவரே சுற்றிக் கட்டினார்.

இக்ராம் கொண்டுவரும் சாக்கை நேர்முகத்துக்கு முதலே மேடத்தின் கையில் கொடுத்துவிடுங்கள். இனிமேல் மிதப்புப் போடுவதென்றால் யாருடைய முறை என்று கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள், அதையும் பயப்படாமல் சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் நாவுக்கு உறுதியைத் தரட்டும், நினைத்த படிப்பைக் கையில் சேர்க்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதக் கை வராமல் கடைசிக்கு வைத்தேன். அவர்கள் பேர் கேட்டால், முனீப், என் உம்மாவின் ஒரே தம்பி என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

துஆவுடன் உங்கள் உம்மா
நஜ்முன் நிஸா