படுத்தால்தான் காய்ச்சல்

என்னங்க,

உங்கள் தம்பி போன் செய்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். மாமா நினைவுநாளுக்கு எங்கள் ரத்த வங்கி நடத்திய முகாமில், தம்பி கொடுத்த ரத்தத்தை அழிக்க ஒதுக்கிவிட்டேன்.

காய்ச்சல் வந்ததா என்று முதலில் கேட்டபோது இல்லை என்றார். கொடுத்துவிட்டு ஜூஸ் குடிக்கும்போதுதான் சொல்கிறார்: "போன வாரம் உடம்பு கணகணன்னு இருந்துச்சு அண்ணி. மாத்திரையைப் போட்டுட்டு நடவுக்குப் போயிட்டேன். படுத்தாத்தானே காய்ச்சல்?"

ஊரெல்லாம் கொசு, டெங்கு. அந்த ரத்தத்தை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படி ஏற்றுவது?

"அப்பாவுக்காகக் கொடுத்ததைக் கொட்டுறீங்களா?" என்றவர், படையல் சோற்றைத் தொடாமலே போய்விட்டார்.

நாளை திருவாரூரில் முகாம். வேறு ஆளில்லை, நான்தான் போகவேண்டும். இரண்டு நாளாக எனக்கும் உடம்பு கணகணவென்றுதான் இருக்கிறது. இன்னும் படுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி