முதல் கஞ்சி, பிறகு குளிசை

ரோவில், மெல்பேர்ன், 2013

இன்று குசினியில் மனைவி பீட்ரூட் வெட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் ஓடிய அந்தச் சிவப்பைக் கண்டதும் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறான் கணக்கு மாஸ்டர் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊரைப் பற்றி நான் சொல்லாத கதையா?

ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனபோது நமக்கு மீசை மட்டும்தான் முற்றியிருந்தது. வாவிக்கரைப் பள்ளிக்கூடம்; நீ விஞ்ஞானம், நான் கணக்கு. பின்னேர மணி அடித்ததும் சாரத்தோடு வாவியில் விழுவோம். நம்மிடம் படித்த பெடியள் பலருக்கு ஒன்றுக்கிருக்கும்போது சலம் சிவப்பாகப் போவதை நீதான் கண்டுபிடித்தாய். அவர்களுக்கு அது பெருமை, ஆம்பிளையாகிவிட்ட அடையாளமாம்.

"ஆம்பிளையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. இது பில்ஹார்சியா வருத்தம்," என்று என்னிடம் பொரிந்துவிட்டு, மறுநாள் கரும்பலகையில் ஒரு நத்தையைக் கீறினாய். வாவி நத்தையிலிருந்து வரும் புழுக்குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். சலப்பையைச் சுற்றிக் குடியிருந்து முட்டையிடும். அந்த முட்டை சலத்தோடு திரும்பவும் வாவிக்கே வரும். அன்றோடு நம்முடைய வாவிக்குளிப்பும் நின்றது. புழுவுக்கு அது தெரியவில்லை.

புழுவைக் கொல்லும் குளிசை பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாள், வெறும் வயிற்றில் விழுங்கிய பிள்ளைகள் வரிசையாகச் சத்தி எடுத்தார்கள். நஞ்சு கொடுத்துவிட்டோம் என்று தாய்மார் வாசலில் திரண்டார்கள். அடுத்த முறை நீ பெரிய பானையில் சோளமாக் கஞ்சி ஏற்றினாய். கிண்டுகிற உத்தியோகம் எனக்கு.

"அடிப்பிடிச்சுதெண்டால் முழுப் பானையும் நீதான் குடிக்கிறாய், மச்சான்."

பிடித்தது, பாதிப் பானை குடித்தேன். ஆனால் அதன்பிறகு ஒரு தாயும் வாசலுக்கு வரவில்லை. 'முதல் கஞ்சி, பிறகு குளிசை' என்பது பள்ளிக்கூடத்துச் சட்டமாயிற்று. அதோடு நீ விடவில்லை. "குளிசை பிள்ளைக்கு, மலசலகூடம் வாவிக்கு. ஒண்டை விட்டால் மற்றது வீண்," என்று தகப்பன்மாரைச் சேர்த்துக் குழி வெட்டப் போனாய்.

குளிசைக்குத் தட்டுப்பாடு வந்த நாளில் நமக்கென்று வைத்திருந்ததையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். "வாத்திமார் கடைசி," என்றாய். அந்தக் கடைசி வரவேயில்லை. ஒப்பந்தம் முடிந்தது, மெல்பேர்னுக்கு வந்தோம், மறந்தோம்.

மல்கிரேவில் உன் வீட்டு வளவு முழுக்கப் பீட்ரூட். வாரத்தில் பாதி நாள் பீட்ரூட் கறி. சலம் சிவந்தபோது நீ பழியை அதன் தலையில் போட்டாய். மாதக் கணக்காகப் போட்டாய். ஒரு பள்ளிக்கூடத்துக்கே அந்தச் சிவப்பை வாசிக்கப் பழக்கியவன்! கடைசியில் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் கேட்டாராம், ஆபிரிக்காவில் வாவியில் குளித்ததுண்டா என்று.

"அந்தப் பெடியனுக்கு நூறு போடலாம், மச்சான். எனக்குச் சைபர்."

அதற்குள் சலப்பையில் புற்று வேரோடிவிட்டது. கட்டிலில் கிடந்தபடியே என்னைச் சோதனைக்குத் துரத்தினாய். எனக்கும் புழு இருந்தது. பாதி ஆயுளாக எனக்குள் வாடகை கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். குளிசை போட்டேன், பிழைத்தேன். உனக்கும் தந்தார்கள். புழு செத்தது, புற்றுக்கு அது கேட்கவில்லை.

கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "உன்ர வாய் சும்மா கிடவாது. ஆரின்ரையோ விவாகரத்தைக் காவித் திரியிற வாயாலை இதையும் காவு. எங்களை மாதிரி அங்கை படிப்பிச்ச ஆக்கள் இஞ்சை எத்தினை பேர்!"

சென்ற வருடம் ஜெனீவாவில் நாடுகள் கூடி, முடிந்த இடத்திலெல்லாம் இந்த நோயை ஒழிப்பதென்று தீர்மானித்தன. நீ இருந்திருந்தால், "தீர்மானம் சரி, கஞ்சியை ஆர் கிண்டுறது?" என்று கேட்டிருப்பாய்.

போன மாதம் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்துக் கதிரையில், நம் வாவியின் அடுத்த கரையில் படிப்பித்த ஓர் அங்கிள். நான் காவிச் சுமந்ததை இறக்கினேன்.

"அங்கிள், வாவியிலை குளிச்சனீங்களோ? சலம் எப்பவாவது சிவப்பாப் போறதோ?"

அவர் மனைவி கரண்டியை வைத்துவிட்டார். "சாப்பிடேக்கை கதைக்கிற கதையே இது? உமக்கு வெக்கமில்லையோ?"

"இல்லை அன்ரி, அது பிறக்கேக்கையே விட்டுப்போட்டுது."

பந்தி முடிந்ததும் அங்கிள் கை கழுவுமிடத்தில் பின்னால் வந்து நின்றார். "தம்பி, ஆரிட்டைக் காட்டுறது?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கடிதத்தின் நடுவே அவருடைய போன் வந்தது.

"இருக்குதாம் தம்பி. ஸ்கானும் எடுத்தவை, வேறை ஒண்டும் இல்லையாம். நேரத்துக்கு வந்திட்டன் எண்டினம். குளிசை கையிலை இருக்கு. இப்பவே போடட்டோ?"

அடிப்பிடித்த சோளமாக் கஞ்சி மணம் எங்கிருந்தோ வந்தது.

"பொறுங்கோ அங்கிள்," என்றேன். "முதல் சாப்பிடுங்கோ."